தவில் கேட்ட காதுக்கு மேற்கு ஆபிரிக்கா

(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்கு ஆபிரிக்காவின் வெகுசன இசையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். கேள்வி நியாயமானது. அந்த இசைக்கு வேண்டிய காது உலகத்தில் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. தவில் கேட்டு வளர்ந்த இந்தக் குடாநாட்டில் அது வளர்ந்திருக்கிறது. இதுதான் என் பதில். செனகலின் டக்கார் நகரத்து மேளத்தில் எது எங்கே விழுகிறது என்று அறிய மற்ற ஊர்க்காரர் நெடுங்காலம் படிக்க வேண்டியிருக்கும். இணுவிலிலும் அளவெட்டியிலும் கோயில் வீதியில் இருந்து விடிய விடிய மேளச்சமா கேட்டவருக்கோ அதில் பாதி ஏற்கெனவே தெரியும். அந்தப் பாதியைப் பற்றியும், நமக்குத் தெரியாத மற்றப் பாதியைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

நாம் இந்த இசையைக் கேட்டதே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1990இல் வந்த ‘தானேதார்’ என்ற இந்திப் படத்தின் ‘தம்மா தம்மா’ பாடலை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். அடுத்த ஆண்டு ‘ஹம்’ படத்தில் அமிதாப் பச்சன் ஆடிய ‘ஜும்மா சும்மா’வையும் கேட்டிருப்பீர்கள். இரண்டு பாட்டுக்கும் மூலம் கினி நாட்டுப் பாடகர் மோரி கான்டே 1987இல் வெளியிட்ட ‘அக்வாபா பீச்’ இசைத்தட்டில் இருக்கிறது. அதே தட்டிலுள்ள ‘யெக்கே யெக்கே’ ஐரோப்பாவில் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மோரி கான்டே தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாணர் குடும்பத்தில் பிறந்தவர், கோரா என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர், 2020இல் காலமானார். அவருடைய மெட்டுக்கு இந்தியா முழுவதும் ஆடியது. அவர் பெயர் நமக்குத் தெரியாமலே இருந்தது. ஆகவே அந்நிய இசையைக் கேட்பவர் செய்யவேண்டிய முதல் வேலை, பாடியவரின் பெயரைத் தெரிந்துகொள்வது. ‘ஆபிரிக்கப் பாட்டு’ என்று சொல்லிக் கடந்து போவது, நாதஸ்வரத்தையும் பைலாவையும் ‘ஆசியச் சத்தம்’ என்று ஒரே பெட்டிக்குள் போடுவதற்குச் சமம்.

கானாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே கள்ளு இருக்கிறது. பனங்கூடலுக்குள் வளர்ந்த நமக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. லைபீரியாக் கரையைச் சேர்ந்த குறூ மாலுமிகள் ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்து, கிற்றாரைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டு சென்றார்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் வைத்து வாசிக்கும் ஒரு முறையை அவர்கள் பரப்பினார்கள். எண்ணெய்ப் பனையின் கள்ளு விற்ற கடைகளில், வேலை முடிந்து வந்தவர்கள் நடுவே, அந்தக் கிற்றார் உள்ளூர்ப் பாட்டோடு சேர்ந்தது. கள்ளு இசை என்றே அதற்குப் பெயர். 1928இல் குமாசி ட்ரையோ என்ற மூவர் இலண்டனுக்குப் போய் ‘யா அம்பொன்சா’ என்ற பாட்டைத் தட்டில் பதிந்தார்கள். அந்தக் கிற்றார் நடை இன்றுவரை கானா இசையின் அடிநாதமாக இருக்கிறது. பிறகு எக்காளமும் சாக்ஸபோனும் சேர்ந்து ஹைலைஃப் என்ற நடன இசை வளர்ந்தது. ஈ. டி. மென்சாவும் அவருடைய டெம்போஸ் குழுவும் அதை மேற்கு ஆபிரிக்கா முழுவதும் கொண்டு சென்றார்கள். 1957 மார்ச்சில் கானா சுதந்திரம் பெற்றபோது அந்தச் சுதந்திரத்துக்கே அவர் ஒரு ஹைலைஃப் பாட்டுக் கட்டினார்.

நம்மிடமும் கிற்றாரும் கள்ளும் பாட்டில் சேர்ந்தன. எழுபதுகளின் பொப் இசைப் பாடல்களை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று கிற்றாரோடு புத்தி சொன்னார். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டிச் சென்னையையும் ஆட வைத்தது. அந்தப் பாட்டுகளின் துள்ளலுக்குத் தாய் பைலா. பைலாவுக்கு முந்தியது கஃப்ரிஞ்ஞா என்ற நடன இசை. போர்த்துக்கேயரும் அவருக்குப் பின் வந்தவர்களும் படைவீரராகவும் அடிமைகளாகவும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் தாளம் அதற்குள் இருக்கிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். மஞ்சா என்ற தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். அவர்களின் முன்னோர் பெரும்பாலும் மொசாம்பிக் முதலான கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்கள். கானாவோடும் செனகலோடும் நமக்கு நேரடி உறவு கொண்டாட அது இடந்தராது. ஆனாலும் ஆறு மாத்திரையை இரண்டாகவும் மூன்றாகவும் ஒரே நேரத்தில் கேட்கும் பழக்கம் நம் கல்யாண வீடுகளுக்குப் புதிதல்ல.

இனி மேளத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச அனுமதியுங்கள்.

செனகலின் சபார் மேளத்தை முதன்முறை பார்க்கும் யாழ்ப்பாணத்தவர் கண்டிப்பாகத் திடுக்கிடுவார். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கை வெறுங்கை. தவில்காரரின் இடக்கையில் கழியும் வலக்கையில் விரற்கூடும் இருப்பதை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். குச்சிக்கு ஒரு குரல், கைக்கு ஒரு குரல். இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். தவிலுக்கு இரண்டு முகம், சபாருக்கு ஒன்றே முகம். ஆனால் அந்தத் துரத்தல் நமக்குத் தெரிந்த துரத்தல்தான். சபார்காரர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது முதலில் வாயால் சொல்லிக் கொடுக்கிறார். நம் சொற்கட்டுப் போல அவர்களுக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஒலி உண்டு. ‘பாக்’ என்று அவர்கள் அழைக்கும் நீண்ட கோவைகள் பல, பேசப்பட்ட வாசகங்களிலிருந்து பிறந்தவை. டூடூ ந்தியாய் ரோஸ் என்ற மாமேதை (1930–2015) பல பத்து மேளகாரரை ஒரே மேடையில் நிறுத்தி, ஒரு கையசைவில் அத்தனை பேரையும் நிறுத்தவும் திருப்பவும் செய்வார். தன் குடும்பத்துப் பெண்களைக் கொண்டே ஒரு மேளக் குழுவையும் நடத்தினார். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது. நம் பெரிய மேளத்தில் பெண்களின் இடம் எவ்வளவு என்பதை இந்த இடத்தில் நாம் யோசிக்க வேண்டும்.

அவரைக் கேட்கும்போது யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1975இல் நாற்பத்திரண்டு வயதுக்குள் மறைந்துபோன அந்தத் தவில் மேதையைத் தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்கள் தேடித் தேடித் தங்களோடு அழைத்தார்கள். தட்சிணாமூர்த்தியின் பதிவு ஒன்றையும் டூடூவின் பதிவு ஒன்றையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கண்டங்களில் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு விடை தேடியது தெரியும்: ஒரு மேளம் எவ்வளவு தூரம் பேச்சாக முடியும்?

நைஜீரியாவின் யோருபா மக்களிடம் மேளம் உண்மையாகவே பேசுகிறது. அவர்களின் மொழியில் ஒரே எழுத்துக்கூட்டு உச்சம், நடு, தாழ்வு என்று ஸ்தாயி மாறும்போது பொருளும் மாறும். டுண்டுன் என்ற இடை சிறுத்த மேளத்தின் வார்களைக் கையால் நெருக்கி நெகிழ்த்தி, அந்த மூன்று ஸ்தாயியையும் எழுப்பி வாக்கியமே சொல்லிவிடுவார்கள். நம் உடுக்கும் இதே அமைப்புத்தான்: இடை சிறுத்தது, கயிற்றை நெருக்கினால் நாதம் ஏறும். யோருபாப் பாடகர் சன்னி அடேயின் ஜூஜூ இசையில் ஆறேழு கிற்றார்களுக்கு நடுவே அந்த மேளம் வந்திருப்பவரைப் பேர் சொல்லிப் புகழும். புகழப்பட்டவர் எழுந்து போய்ப் பணத்தாளைப் பாடகரின் நெற்றியில் ஒட்டுவார்.

நமக்குத் தெரியாத மற்றப் பாதி என்று சொன்னேனே, அது இங்கேதான் தொடங்குகிறது. நாம் தாளத்தைக் கையில் போட்டு எண்ணுகிறோம். எண்ணிக்கை வெளியே கேட்கிறது. சமத்தில் எல்லாரும் கூடுகிறார்கள். கோர்வையும் தீர்மானமும் வந்ததும் ‘ஆகா’ என்கிறோம். கானாவின் எவே மக்களிடமும் யோருபா மக்களிடமும் ஓர் இரும்பு மணி ஒலிக்கும். பன்னிரண்டு மாத்திரைச் சுற்றில் அதற்கு ஏழு தட்டு. இடைவெளிகள் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. இதைக் கையில் தட்டுங்கள். காலில் மூன்று மாத்திரைக்கு ஒரு தரமாக நான்கு அடி வையுங்கள். அந்த நான்கு அடியை எந்தக் கருவியும் ஒலிக்க வேண்டியதில்லை. அது ஆடுபவரின் காலில் இருக்கும். எண்ணிக்கை உடலுக்குள், ஒலிப்பது அதன் மேல் பின்னப்பட்ட கோலம். ஒவ்வொரு மேளமும் வெவ்வேறு இடத்தில் தொடங்கி, வெவ்வேறு இடத்தில் முடியும். எல்லாரும் வந்து கூடும் தீர்மானத்துக்காகக் காத்திருந்தால் ஏமாற்றந்தான். கதிரையில் இருந்து கேட்பவருக்கு இந்த இசை பாதிதான் கிடைக்கும். எழுந்து நின்று காலடி வைக்க வேண்டும். சபையில் ஆடிப் பழகாத நமக்கு இது கூச்சம். வீட்டில் கதவைச் சாத்திவிட்டாவது செய்யுங்கள்.

கிற்றார்களையும் இப்படியே கேட்க வேண்டும். ஒருவர் நான்கு சுரத்தை மாத்திரம் திரும்பத் திரும்ப வாசிப்பார், இன்னொருவர் இடைவெளியில் மூன்று சுரம் வைப்பார். தனித்தனியே எதுவும் பெரிதல்ல. ஒரு கிற்றாரை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுவதும் அதன் பின்னே போங்கள். மறுமுறை அடுத்ததைப் பிடியுங்கள். திரும்பத் திரும்ப வருகிறதே என்று சலிப்பவர்கள் நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டியின் பாட்டொன்றைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. குரல் வருமுன் பல நிமிடம் வாத்தியங்கள் மட்டும். அவருடைய குழுவின் டோனி அலென் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் நான்கு பேர் போல டிரம்ஸ் வாசிப்பார். ஓர் ஆலாபனைக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கத் தெரிந்த ஊர் இது. அந்தப் பொறுமை நமக்கு இருக்கிறது.

ஃபேலாவைப் பற்றி இன்னும் ஒன்று. 1976இல் அவர் ‘ஸோம்பி’ என்ற பாட்டில் நைஜீரிய இராணுவத்தின் குருட்டுக் கீழ்ப்படிவைச் சாடினார். 1977 பெப்ரவரி 18ஆம் திகதி ஏறக்குறைய ஆயிரம் படையினர் லாகோசில் அவர் வீட்டைச் சூழ்ந்தார்கள். வீடும் ஒலிப்பதிவுக் கூடமும் வாத்தியங்களும் மூல ஒலிநாடாக்களும் எரிந்தன. நாடறிந்த விடுதலைப் போராளியான அவருடைய தாயார் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியை யன்னலால் எறிந்தார்கள். அவர் அடுத்த ஆண்டு இறந்தார். ஒலிநாடா எரிவதென்றால் என்னவென்று, 1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் ஓர் ஊரின் இசையையே மாற்றிவிடும் என்பதற்கும் நைஜீரியாவே சாட்சி. அறுபதுகளின் நடுவரை லாகோஸ் நகரத்து இரவுகள் ஹைலைஃப் குழுக்களுக்குச் சொந்தம். அந்தக் கலைஞரிற் பெருந்தொகையினர் நாட்டின் கிழக்கைச் சேர்ந்தவர்கள். 1966இல் வடக்கில் இக்போ மக்கள் கொல்லப்பட்டார்கள். 1967இல் கிழக்கு, பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்தது. 1970 ஜனவரி வரை போர். கலைஞர்கள் கிழக்குக்கு ஓடினார்கள். றெக்ஸ் லோசன் போன்ற பெரும் பாடகரும் அப்படிப் போனவர். அவர்கள் விட்டுப்போன மேடைகளில் யோருபாக்களின் ஜூஜூ இசை நிறைந்தது. போர் முடிந்து ஆறு ஆண்டில், கிழக்கின் ஒனிச்சா நகரத்திலிருந்து பிரின்ஸ் நிக்கோ இம்பார்கா ‘சுவீட் மதர்’ என்று தாயைப் பாடினார். கொச்சை ஆங்கிலத்தில் பாடிய பாட்டு. நைஜீரியாவின் எல்லா இனத்தவரும் அயல்நாட்டவரும் அதை விளங்கிக்கொண்டார்கள். ஆபிரிக்காவிலேயே மிக அதிகமாக விற்ற பாட்டுகளில் ஒன்று அது. அம்மாவைப் பற்றிய பாட்டுக்கு அழத் தெரிந்த தமிழர், மேற்கு ஆபிரிக்காவுக்குள் நுழைய இதைவிட எளிய வழி நான் அறியேன்.

நமது மேளக் குடும்பங்களும் இப்படி ஓடியவைதான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கிளாலி நோக்கியும் தென்மராட்சி நோக்கியும் போனவர்கள், பிறகு கடல் கடந்தவர்கள். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் கோயில் திருவிழாவுக்குத் தவில் ஒலிப்பதற்கு அந்த ஓட்டமும் ஒரு காரணம்.

இன்னொரு விடயத்தை மறைக்காமல் பேச வேண்டும். மாலி, கினி, செனகல் நாடுகளில் ஜெலி என்ற பாணர் குலம் உண்டு. கூயாத்தே, தியாபாத்தே, சிசொக்கோ என்று குடும்பப் பெயரைக் கேட்டாலே யார் பாடப் பிறந்தவர் என்று தெரியும். அரச வரலாறும் வமிசாவளியும் அவர்கள் வாயில் இருக்கும். புகழ்வார்கள், பரிசு பெறுவார்கள். ஆனால் உயர்குடியினர் அவர்களோடு மணவுறவு கொள்ளமாட்டார்கள். சாலிஃப் கேய்த்தா இதற்கு மறுபுறமாக வந்தவர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுண்டியாத்தா கேய்த்தாவின் வழியில் 1949இல் பிறந்தவர். பாடுவது அவர் குடிக்கு இழிவு. தோல் நிறமின்றிப் பிறந்ததால் ஊரின் அருவருப்பையும் சுமந்தார். வீட்டை எதிர்த்துப் பாமாக்கோவுக்கு வந்து, புகையிரத நிலைய விடுதியில் வாசித்த ரெயில் பாண்ட் குழுவில் பாடினார். அந்தக் குரலின் வலியைக் கேட்கும்போது, நம் ஊரின் நடப்பு என் நெஞ்சில் குத்துகிறது. கோயில் வீதியில் இரவு முழுவதும் ஒருவரின் வாசிப்புக்குத் தலையாட்டியவர்கள், விடிந்ததும் அவரைத் தம் வீட்டுப் பந்தியில் சமமாக இருத்தாத ஊர் இது. இசையை நேசிக்கிறேன் என்று சொல்பவர் இதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

கோராவைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாழ்ப்பாணம் என்ற பெயருக்குக் குறை. யாழ் வாசித்த பாணனுக்குப் பரிசாகக் கிடைத்த நிலம் என்று ஊருக்குக் கதை வைத்திருக்கிறோம். யாழ் நம் கையில் இல்லை. விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்து, அதே ஆண்டு மறைந்தார். மேற்கு ஆபிரிக்காவில் அந்தக் கருவியின் உறவினர் சாகவில்லை. போலொன் என்ற கருவியைப் பாருங்கள்: சுரைக்குடத்தில் பூட்டிய வளைந்த கோடு, மூன்று நான்கு நரம்பு. கோராவோ அரைச் சுரைக்குடத்தில் மாட்டுத்தோல் போர்த்து, 21 நரம்பு கட்டியது. 2024இல் மறைந்த தூமானி தியாபாத்தே பெருவிரலால் அடிநாதமும் சுட்டுவிரலால் மெட்டும் ஒரே நேரத்தில் எழுப்புவார். 2005இல் அவரும் கிற்றார் மேதை அலி ஃபார்க்கா தூரேயும் சேர்ந்து வெளியிட்ட ‘இன் த ஹார்ட் ஒஃப் த மூன்’ இசைத்தட்டை, சங்கப் பாட்டில் யாழைப் படித்த ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

அந்நிய இசையைக் கேட்பது ஒருவழிப் பாதையல்ல. நைஜீரியாவின் வடக்கே கானோ நகரத்தில் ஹவுசா மக்கள் ஐம்பதுகளிலிருந்து இந்திப் படங்களைப் பார்த்துவருகிறார்கள். 1957இல் வந்த ‘மதர் இந்தியா’ அங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. மொழி தெரியாது, தாய், மானம், குடும்பம் எல்லாம் விளங்கியது. பந்திரி என்ற தோல்மேளத்தோடு சூஃபிப் பாடகர்கள் இந்திப் பட மெட்டுகளில் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து பாடுகிறார்கள். நம்மிடமும் பட மெட்டில் பக்திப் பாட்டு உண்டல்லவா? நம் பக்கத்து இசையை அவர்கள் இவ்வளவு காலமாக, இவ்வளவு அன்போடு கேட்டிருக்கிறார்கள். நாம் இப்போதுதான் தொடங்குகிறோம்.

இளையவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நைஜீரியப் பாடகர்கள் றேமாவும் பேர்னா போயும் உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு படி பின்னே போனால் ஃபேலா, இன்னும் ஒரு படி போனால் ஈ. டி. மென்சா. அவ்வளவுதான் தூரம்.

கடைசியாக ஒரு வெளிநாட்டுக் கேட்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கினி 1958இல் சுதந்திரம் பெற்றதும் அரசே ஊர் ஊராக இசைக்குழுக்களை அமைத்தது. வானொலி அவற்றைப் பதிந்தது. அந்த நாடாக்கள் கோனாக்ரியின் வானொலி நிலையத்தில் கிடந்தன. அவுஸ்திரேலியரான கிரேம் கவுன்செல் அந்த இசையை நேசித்து, பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு பலமுறை அங்கே போய், 9,000க்கும் மேற்பட்ட பாட்டுகளை எண்ணிம வடிவில் சேமித்தார். யார் வேண்டுமானாலும் கேட்கும்படி அவை இணையத்தில் வெளியாயின. அந்நிய இசையை நேசிப்பதற்கு இதுவே முழு இலக்கணம் என்று நான் கருதுகிறேன்: கேட்டு மகிழ்ந்தார், பெயர்களைக் குறித்தார், அடுத்தவர் கேட்கும்படி காப்பாற்றினார்.

நம் பொப் பாடகர்களின் சிறு தட்டுகள், மேளச்சமாக்களை யாரோ ஒருவர் கசெற்றில் பிடித்த பதிவுகள், இலங்கை வானொலியிலிருந்து வீட்டில் பதிந்தவை என்று எத்தனையோ இந்தக் குடாநாட்டு அலுமாரிகளிலும் வெளிநாட்டு நிலவறைகளிலும் கிடக்கின்றன. ஒலிநாடாவுக்கு ஆயுள் குறைவு. பூஞ்சணம் பிடித்தால் மீட்பது கடினம். 2005 முதல் நூலகம் நிறுவனம் நம் அச்சு நூல்களுக்குச் செய்துவருவதை ஒலிக்கும் நாம் முழு மூச்சோடு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கசெற் இருந்தால், எறிந்துவிடாதீர்கள். யார் வாசித்தது, எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று தெரிந்ததை ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். எண்ணிமமாக்கத் தெரிந்தவரிடம் இந்த மாதமே கொண்டுபோய்க் கொடுங்கள்.